முகம் தெரியாத குரல்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வேற ஏதோ கேள்விக்கு பதில் எழுதுறப்ப, அமெரிக்காவுல டான் பார்டோன்னு ஒரு அறிவிப்பாளர் இருந்தார், 1944-ல என்பிசிங்கற ரேடியோ, டிவி கம்பெனியில சேர்ந்தவர் 2014 வரைக்கும் அந்தக் கம்பெனி நிகழ்ச்சியில பேசிட்டு இருந்தார்னு ஒரே ஒரு வரி எழுதிட்டுப் போயிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்து குவிஞ்ச கேள்விங்களைப் பார்த்தா எனக்கே ஆச்சரியம். அதனால இந்தத் தடவை ரேடியோ, டிவி அறிவிப்பாளர் சமாச்சாரம் மட்டும். சினிமா கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல பார்த்துக்கலாம்.

கேள்வி: எழுபது வருஷம் ஒரே கம்பெனியில அறிவிப்பாளரா? ரீல் விடலையே? அந்த மனுஷனைப் பத்தி கொஞ்சம் விவரமா சொல்லுங்க சார்.

பதில்: ரீல் இல்லைங்க. ஆனா நடுவுல ஒரு சின்ன இடைவெளி இருக்கு, அதையும் சொல்லிடறேன். பார்டோ பிறந்தது 1918-ல, மாசசூசெட்ஸ் மாநிலத்துல. 1938-ல பிராவிடன்ஸ்ங்கற ஊர்ல டபிள்யூஜேஏஆர் ரேடியோ ஸ்டேஷன்ல தொழிலை ஆரம்பிச்சு, 1944-ல நியூயார்க் போய் என்பிசி-ல ஸ்டாஃப் அறிவிப்பாளரா சேர்ந்தார். அப்ப உலகப்போர் நடந்துட்டு இருந்த நேரம், போர்ச் செய்தி படிக்கணும், அடுத்த அரை மணியில நாடக நிகழ்ச்சியை அறிவிக்கணும், அதுக்கடுத்து டான்ஸ் பேண்டு, எல்லாத்துக்கும் அதே ஆள். என்பிசி-க்கு முதலாளி ஆர்சிஏ கம்பெனி, ரேடியோ பெட்டியும் டிவி பெட்டியும் தயாரிச்சு வித்தவங்க, அதனால 1950-கள் ஆரம்பத்துல கலர் டிவின்னு ஒண்ணு வரப்போகுதுன்னு அவங்க நடத்தின டெமோக்கள்லயும் இவரைப் பேச வெச்சாங்க.

1956-ல 'தி பிரைஸ் இஸ் ரைட்'னு ஒரு விளையாட்டு நிகழ்ச்சி. பரிசுப் பொருளைக் காட்டுவாங்க, அது என்ன விலை இருக்கும்னு போட்டியாளர் சொல்லணும். பொருளை வர்ணிக்கிறது பார்டோ வேலை. முகமே காட்டாம, வெறும் பேச்சுல ஒரு ஃப்ரிட்ஜ் மேல மக்களுக்கு ஆசையைக் கிளப்பிவிடறதுன்னா சும்மாவா? 1963-ல அந்த நிகழ்ச்சி போட்டி நெட்வொர்க்கான ஏபிசி-க்கு கைமாறிப் போச்சு. இவர் என்பிசி-யோட மாசச் சம்பளக்காரர், கூடப் போகல. அங்க அவர் இடத்துக்கு வந்தது ஜானி கில்பர்ட். அடுத்த வருஷமே என்பிசி-ல 'ஜியோபர்டி'ங்கற வினாடி வினா நிகழ்ச்சி தொடங்குச்சு, 1975 ஜனவரி வரைக்கும் அதுக்கு பார்டோதான். அந்த ஜியோபர்டி 1984-ல புது ரூபத்துல திரும்ப வந்தப்ப அறிவிப்பாளர் யாருன்னு நினைக்கிறீங்க? அதே ஜானி கில்பர்ட்! பார்டோ விட்ட நாற்காலியில உக்காரணும்னே அவருக்கு எழுதி வெச்சிருந்தது போல.

ஜியோபர்டி முடிஞ்சு போனப்ப பார்டோவுக்கு வயசு 57 ஆகப் போகுது. எல்லாரும் கணக்கை முடிக்கிற வயசு. அதே வருஷம் அக்டோபர் 11-ம் தேதி 'சாட்டர்டே நைட் லைவ்'னு ஒரு காமெடி நிகழ்ச்சி, முழுக்க சின்னப் பசங்க கூட்டம், அவங்களுக்கு அந்தக்கால கம்பீரக் குரல் ஒண்ணு வேணும், ஏன்னா காமெடியே அந்தக் கம்பீரத்துக்கும் அவங்க பண்ற கோமாளித்தனத்துக்கும் நடுவுலதான் இருக்கு. பார்டோ உள்ள போனார், வெளிய வரவே இல்ல. 1981-82 சீசன் மட்டும் அவர் கிடையாது, நான் சொன்ன இடைவெளி அதான். 2004-ல என்பிசி வேலையில இருந்து முறைப்படி ஓய்வு. ஆனா இந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் அரிசோனாவுல இருக்கற டூசன்ல இருந்து நியூயார்க்குக்கு ஃப்ளைட் பிடிச்சு வந்து பேசிட்டுப் போனார், தொண்ணூறு வயசு தாண்டினதுக்கு அப்புறம்தான் வீட்டுல இருந்தே ரெக்கார்ட் பண்ணி அனுப்ப ஆரம்பிச்சார். 2014 ஆகஸ்ட்ல, 96 வயசுல காலமானார். என்பிசி சரித்திரத்துல ஆயுள் கான்ட்ராக்ட் ரெண்டே பேருக்குத்தான்னு சொல்வாங்க: ஒருத்தர் காமெடி நடிகர் பாப் ஹோப், இன்னொருத்தர் இவர். பாப் ஹோப் முகம் உலகத்துக்கே தெரியும். இவர் அடுத்த சீட்ல உக்காந்து வந்திருந்தாக்கூட, வாயைத் திறக்காத வரைக்கும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

கேள்வி: ஸ்டாஃப் அறிவிப்பாளர்னா தினமும் என்னதான் வேலை? "நிகழ்ச்சி ஆரம்பம், நிகழ்ச்சி முடிஞ்சது" இதைச் சொல்றதுக்கு ஒரு சம்பளமா?

பதில்: குத்தலா கேட்டாலும் கேள்வி சரியான கேள்விதான். ஷிஃப்ட்ல பாதி நேரம் அவங்க சும்மா உக்காந்திருக்கற மாதிரிதான் வெளிய இருந்து பார்க்கறவங்களுக்குத் தெரியும். சின்ன கண்ணாடி அறை, ஒரு மைக், ஒரு பெரிய கடிகாரம், அதுல நொடி முள்ளு. அந்த நொடி முள்ளுதான் அவங்களுக்கு முதலாளி.

1930, 40-கள்ல என்பிசி, சிபிஎஸ் மாதிரி பெரிய நெட்வொர்க்குகள் ரெக்கார்டு பண்ணின நிகழ்ச்சிகளை ஒலிபரப்பவே கூடாதுன்னு கட்டுப்பாடு வெச்சிருந்தாங்க, அபூர்வமா சில விதிவிலக்கு தவிர எல்லாமே லைவ். அமெரிக்காவோட கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூணு மணி நேர வித்தியாசம், அதனால நிறைய நிகழ்ச்சிகளை சாயங்காலம் ஒரு தடவை கிழக்குக்கு நடத்திட்டு, மூணு மணி நேரம் கழிச்சு அதே ஆளுங்க அதே ஜோக்கை மறுபடி புதுசா சொல்ற மாதிரி மேற்குக்கு நடத்துவாங்க. பாடகர் பிங் க்ராஸ்பிக்கு இது பிடிக்காமத்தான் 1946-ல முன்கூட்டியே பதிவு பண்றேன்னு ஒத்தக்கால்ல நின்னு, ஏபிசி-ல போய் சாதிச்சார். அடுத்த வருஷமே டேப்புக்கு மாறிட்டார். அது வேற கதை, இன்னொரு நாள்.

இப்ப அறிவிப்பாளர் எங்க வர்றார்னா, நிகழ்ச்சி சரியா அரை மணிக்கு முடியணும். இருபது நொடி முன்னாடியே முடிஞ்சா அந்த இருபது நொடியை நிரப்பணும். இருபது நொடி இழுத்துடுச்சுன்னா, பத்து நொடியில படிக்க வேண்டியதை நாலு நொடியில, ஆனா அவசரம் தெரியாம படிக்கணும். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருக்கற டைரக்டர் பேச முடியாது, எல்லாம் கை ஜாடைதான். விரலைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தா 'நிறுத்து'. ரெண்டு கையாலயும் ஜவ்வு மிட்டாய் இழுக்கற மாதிரி காட்டினா 'நீட்டு'. மூக்கைத் தொட்டா 'நேரம் டாண்ணு சரியா இருக்கு'. படிச்சு முடிச்ச ஸ்கிரிப்ட் பேப்பரைத் திருப்பி வெச்சா சரசரன்னு சத்தம் மைக்ல விழும், அதனால ஒவ்வொரு தாளா அப்படியே தரையில நழுவ விட்டுடுவாங்க, நிகழ்ச்சி முடியறப்ப கால் பக்கம் ஒரே காகிதக் குப்பை.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்பிசி-யோட மணியோசை. மூணே ஸ்வரம், ஜி, இ, சி. ஆரம்பத்துல அறிவிப்பாளரே சின்ன சுத்தியலால தட்டுவார், 1930-கள்ல இருந்து பட்டனை அழுத்தினா மெஷினே அடிக்கிற மாதிரி ஆச்சு. கேக்கறவங்களுக்கு அது ஒரு அழகான முத்திரை, 1950-ல அமெரிக்காவுல ஒலிக்குன்னு பதிவான முதல் டிரேட்மார்க்கே அதுதான். ஆனா உள்ளுக்குள்ள அது ஒரு சிக்னல். நாடு முழுக்க இருக்கற எஞ்சினியருங்க அந்த மூணு ஸ்வரம் காதுல விழுந்ததும்தான் லைனை மாத்துவாங்க, லோக்கல் ஸ்டேஷன்காரங்க தங்களோட பேரைச் சொல்லுவாங்க. அறிவிப்பாளர் அஞ்சு நொடி லேட்டா அழுத்தினார்னா ஒரே நேரத்துல நூத்துக்கும் மேல ஸ்டேஷன்ல குழப்பம். இந்த வேலைக்குத்தான் சம்பளம்.

சொல்லப்போனா அந்த மாசச் சம்பளம் பெரிசா ஒண்ணும் இல்ல. ஸ்பான்சர் உள்ள நிகழ்ச்சி கிடைச்சா அதுக்குத் தனியா ஃபீஸ், காசு அங்கதான். அதனால யாருக்கு எந்த நிகழ்ச்சிங்கறதுல உள்ளுக்குள்ள போட்டி இருந்துட்டே இருக்கும். 1937-ல ரேடியோ கலைஞர்களுக்குன்னு ஏஎஃப்ஆர்ஏ யூனியன் வந்ததுக்கு அப்புறம்தான் இந்த ஃபீஸ் விஷயமெல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்துச்சு. 1952-ல டிவி-காரங்களையும் சேத்துக்கிட்டு அது ஏஎஃப்டிஆர்ஏ ஆச்சு.

கேள்வி: நல்ல குரல் வளம் இருந்தா அறிவிப்பாளர் ஆயிடலாம்தானே? என் தம்பிக்கு அருமையான குரல்.

பதில்: தம்பிக்கு வாழ்த்துகள். ஆனா குரலை வெச்சு மட்டும் அந்தக்கால ஆடிஷன்ல பாஸ் பண்ணியிருக்க முடியாதுங்க. என்பிசி ஆடிஷன்ல போலந்து, ரஷ்யா, பிரான்ஸ் நாட்டு இசையமைப்பாளர் பேரெல்லாம் வரிசையா எழுதின ஒரு தாளைக் கையில குடுப்பாங்க, முன்னாடி பார்க்காம, தடுமாறாம படிக்கணும். ஏன்னா ராத்திரி சிம்பொனி நிகழ்ச்சிக்கு அந்தப் பேர்தான் வரும். மில்டன் க்ராஸ்னு ஒருத்தர், 1931-ல இருந்து 1975-ல சாகுற வரைக்கும் மெட்ரோபாலிட்டன் ஓபராங்கற இசை நாடகக் கம்பெனியோட ஒலிபரப்புக்கு அறிவிப்பாளர், இத்தாலியன், ஜெர்மன் கதையெல்லாம் பாட்டு தெரியாதவனுக்கும் புரியற மாதிரி சொல்லுவார். 1929-லயே நல்ல உச்சரிப்புக்காக மெடல் வாங்கினவர்.

குரல்னு எடுத்தா மைக்கும் பாதி கடன் குடுத்துச்சு. அப்ப ஸ்டுடியோவுல இருந்தது ஆர்சிஏ-வோட ரிப்பன் மைக், உள்ள மெல்லிசான உலோக நாடா. பக்கத்துல போய்ப் பேசினா அடிக்குரல் தானா கனம் கூடும். ஆனா நேரா ஊதற மாதிரி 'ப' சொன்னா அந்த நாடாவே கெட்டுப்போகும், அதனால கொஞ்சம் பக்கவாட்டுல நின்னு பேசக் கத்துக்கணும். பழைய போட்டோவுல அறிவிப்பாளருங்க ஒரு கையைக் காதுக்குப் பின்னாடி குவிச்சு வெச்சுட்டு நிப்பாங்க பாருங்க, ஸ்டைலுக்குன்னு நினைக்காதீங்க, தன் குரல் தனக்கு எப்படிக் கேக்குதுன்னு பார்க்கறதுக்கு. என்னைக் கேட்டா குரல் மூணாவதுதான், முதல்ல நிதானம், ரெண்டாவது கடிகாரம்.

கேள்வி: கென்னடி சுடப்பட்ட செய்தியை டிவியில முதல்ல சொன்னது வால்டர் க்ரான்கைட்டுன்னு படிச்சிருக்கேன். நீங்க பார்டோன்னு எங்கயோ சொன்னீங்களாமே?

பதில்: ரெண்டு பேரும் வேற வேற சேனல், குழப்பிக்காதீங்க. 1963 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை. டல்லஸ்ல சுட்டப்ப நியூயார்க்ல மதியம் 1.30. பத்து நிமிஷத்துல சிபிஎஸ்-ல ஓடிட்டிருந்த சீரியலை நிறுத்திட்டு அவங்க செய்தி வாசிப்பாளர் க்ரான்கைட் சொல்லிட்டார். ஆனா அந்த முதல் அறிவிப்புல அவர் முகம் கிடையாது. திரையில 'புல்லட்டின்'னு ஒரு ஸ்லைடு, பின்னால குரல் மட்டும். காரணம் என்னன்னா அப்ப கேமராவெல்லாம் வால்வுல ஓடறது, சூடேறி படம் தர்றதுக்கே நேரம் பிடிக்கும், நியூஸ் ரூம்ல கேமரா தயாரா இல்ல.

என்பிசி-ல அந்த மதியம் ட்யூட்டியில இருந்தவர் பார்டோ. அந்த நேரத்துல நெட்வொர்க்ல இருந்து நிகழ்ச்சி எதுவும் போகல, ஒவ்வொரு ஊர் ஸ்டேஷனும் சொந்தமா ஏதோ ஓட்டிட்டு இருந்துச்சு. நியூயார்க் ஸ்டேஷன்ல ஒரு பழைய காமெடி தொடரோட மறு ஒளிபரப்பு. 1.45 வாக்குல அதை அறுத்துட்டு பார்டோ வந்து, ஜனாதிபதி மேல துப்பாக்கிச் சூடுன்னு படிச்சார், அவருக்கும் ஸ்லைடும் குரலும்தான். கொஞ்ச நேரத்துல செய்திப் பிரிவு ஆளுங்க வந்து நாற்காலியில உக்காந்துட்டாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, அந்த நேரத்துல என்பிசி-ல வீடியோ டேப் ஓடிட்டிருக்கல. வீட்டுல டிவி சத்தத்தை டேப் ரெக்கார்டர்ல பதிவு பண்ற பழக்கம் இருந்த ஒரு நேயர் பிடிச்சு வெச்ச ஒலி மட்டும்தான் இன்னைக்கு இருக்கு. அதைக் கேட்டுப் பாருங்க. குரல் நடுங்கல, ஏத்த இறக்கம் கூட கிடையாது. ஒரு விளையாட்டு நிகழ்ச்சியில கார் பரிசை ஆஹா ஓஹோன்னு வர்ணிக்கிற அதே ஆள்தான், இங்க ஒரு சொட்டு அலங்காரம் இல்லாம படிச்சிட்டு நகர்றார். அவரோட எழுபது வருஷத்துல எனக்கு எது பெருசுன்னு கேட்டா இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: அறிவிப்பாளருங்க உளறினது ஏதாவது? (சும்மா சிரிக்கத்தான்)

பதில்: தாராளமா. ஹாரி வான் ஜெல்னு ஒரு பையன், 1930-களோட தொடக்கத்துல, ஜனாதிபதி ஹெர்பர்ட் ஹூவரைப் பத்தி ஒரு புகழுரை படிச்சார். உள்ள எத்தனையோ தடவை அந்தப் பேர் சரியா வந்துச்சு, கடைசியில சொல்றப்ப மட்டும் ரெண்டு எழுத்து இடம் மாறி 'ஹூபர்ட் ஹீவர்'னு விழுந்துடுச்சு. போச்சு வேலைன்னு நினைச்சார், ஒண்ணும் ஆகல, பிற்காலத்துல பெரிய ஆளாவே ஆயிட்டார். இதோட ஒலிப்பதிவுன்னு ஒண்ணு சுத்திட்டிருக்கும், அது பின்னாடி யாரோ நடிச்சுப் பதிவு பண்ணினது, நம்பாதீங்க.

இன்னொண்ணு ஃப்ரிட்ஜ் கதை. வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி விளம்பரத்துக்கு பெட்டி ஃபர்னஸ்ங்கற அம்மா ரொம்ப ஃபேமஸ், எல்லாம் லைவ். ஒரு தடவை லைவ்ல ஃப்ரிட்ஜ் கதவு திறக்கவே இல்ல, இழுக்கறாங்க, இழுக்கறாங்க, அசையல. அது பெட்டி ஃபர்னஸ்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க, உண்மையில அன்னைக்கு அவங்க இடத்துல நின்னவங்க ஜூன் கிரஹாம்ங்கற நடிகை. பாவம், கதவும் திறக்கல, பேரும் கிடைக்கல. நம்ம பார்டோவும் லேசுப்பட்டவர் இல்ல, சாட்டர்டே நைட் லைவ் முதல் நாள் முதல் நிகழ்ச்சியிலேயே நடிகர் குழுவோட பேரை வார்த்தை முன்ன பின்ன மாத்திச் சொல்லிட்டார்!

கேள்வி: ரேடியோ அறிவிப்பாளர்கள் டிவி வந்ததும் என்ன ஆனாங்க?

பதில்: சிலர் பாத்திரமாவே மாறிட்டாங்க. அப்ப ஸ்பான்சர்தான் நிகழ்ச்சிக்கு எஜமான், நிகழ்ச்சி பேர்லயே அவங்க விக்கிற பொருளோட பேர் இருக்கும், விளம்பரம் படிக்கிற அறிவிப்பாளரை கதைக்குள்ளயே இழுத்துவிட்டா ஜனங்க எழுந்து போக மாட்டாங்கன்னு கண்டுபிடிச்சாங்க. டான் வில்சன் 1934-ல காமெடி நடிகர் ஜாக் பென்னியோட ரேடியோ நிகழ்ச்சிக்கு வந்தவர், நல்ல பருமன், அவர் உடம்பை வெச்சு பென்னி அடிச்ச ஜோக்குக்கு அளவே இல்ல, அப்படியே டிவிக்கும் கூடவே போய் 1960-கள் வரைக்கும் ஓட்டினார். மேல சொன்ன ஹாரி வான் ஜெல், பர்ன்ஸ் அண்டு ஆலன்ங்கற காமெடி ஜோடியோட டிவி தொடர்ல அறிவிப்பாளர் ஹாரி வான் ஜெல்லாவே நடிச்சார், வாரம் தவறாம ஏதாவது வம்புல மாட்டிப்பார். முகம் எடுபடாதவங்க, இல்ல முகம் காட்ட விருப்பம் இல்லாதவங்க பார்டோ மாதிரி கண்ணாடி அறையிலயே இருந்துட்டாங்க. கடைசியில பார்த்தா அதிக நாள் தாக்குப்பிடிச்சது யாருன்னு தெரியுதுல்ல? ஜோக்குக்கு மார்க்கெட் போயிடும், முகத்துக்கு வயசாயிடும். மாசச் சம்பளக் குரலை யாரும் கவனிக்கிறதும் இல்ல, கழட்டிவிடறதும் இல்ல.

கேள்வி: எல்லாம் ஆம்பளைங்க பேராவே சொல்றீங்களே, பெண்களே இல்லையா?

பதில்: ஃப்ரிட்ஜ் முன்னாடி நிக்க வெச்சாங்க, மைக் முன்னாடி விடல. வேற என்ன சொல்றது. 1930-களோட நடுவுல என்பிசி எல்ஸி ஜானிஸ்ங்கற பிரபல மேடைக் கலைஞரை அறிவிப்பாளரா போட்டுப் பார்த்தாங்க, பெண் குரல்ல அறிவிப்பு வேண்டாம்னு புகார் வந்துச்சு, உடனே பின்வாங்கிட்டாங்க. பெண் குரல் மைக்ல கீச்சுன்னு இருக்கும், அதிகாரம் இருக்காதுன்னு அதுக்கு ஒரு விளக்கம் வேற. அதே மைக்ல பெண்கள் பாடினா உக்காந்து கேப்பாங்களாம், நேரம் சொன்னா மட்டும் காது வலிக்குமாம்!

கேள்வி: அந்த வேலை இப்ப இருக்கா? பார்டோவுக்கு தொண்டை கட்டினா என்ன பண்ணியிருப்பாங்க?

பதில்: கண்ணாடி அறையில ஷிஃப்ட் போட்டு உக்கார்ற வேலை கிட்டத்தட்ட போயே போச்சு. 1956-ல ஆம்பெக்ஸ் வீடியோ டேப் வந்தப்பவே அதுக்கு நாள் குறிச்சாச்சு, அப்புறம் குரலை மொத்தமா பதிவு பண்ணி வெச்சுட்டு மெஷினே நேரம் பார்த்து ஒலிக்க விட ஆரம்பிச்சாங்க. ஒரு மனுஷனை எட்டு மணி நேரம் உக்கார வெச்சு மொத்தமே சில நிமிஷம் பேச வைக்க எந்தக் கணக்காளர் சம்மதிப்பார்?

ரெண்டாவது கேள்விக்கு நிஜமாவே பதில் இருக்கு. ஒரு தடவை பார்டோவுக்கு தொண்டை கட்டிக்கிச்சு. சாட்டர்டே நைட் லைவ் நடிகர் குழுவிலேயே மிமிக்ரிக்குப் பேர்போன டேரல் ஹேமண்ட் இருந்தார், அவரே பார்டோ குரல்ல பேசிட்டார், கேட்டவங்கள்ல நிறைய பேருக்கு வித்தியாசமே தெரியல. பார்டோ காலமானதுக்கு அப்புறம், 2014 செப்டம்பர்ல அந்த வேலை ஹேமண்டுக்கே வந்துச்சு. அப்ப அவர் மிமிக்ரி பண்ணல, சொந்தக் குரல்லதான் அறிவிச்சார்.